வைத்தியர் லீவு போட்ட அன்று

லேபிள் ஒட்டும் மெஷின் மறுபடியும் நின்றபோது, புது சூப்பர்வைசர் பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. வாசலில் லாரி காத்திருந்தது. ஷாம்பு பாட்டில்கள் பெயரில்லாமல் மொட்டையாக வரிசைகட்டி நின்றன.

மெஷின் ஆபரேட்டர் அன்று லீவு. கம்பெனியில் அவருக்கு 'வைத்தியர்' என்றே பெயர். மெஷின் முரண்டு பிடித்தால் எல்லோரையும் வெளியே விரட்டிவிட்டு உள்ளே போவார். கொஞ்ச நேரத்தில் அது கன்றுக்குட்டி மாதிரி துள்ளி ஓடும். அந்த வித்தையை அவளும் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். சொல்லிக் கொடுக்கச் சொல்லி எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

"சொல்லிட்டா நாளைக்கு என்னை யாரு மதிப்பா?" என்பார் அவர்.

பக்கத்து மெஷின்காரரிடம் ஓடினாள்.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அவரைப் பகைச்சுக்கிட்டு இங்க இருக்க முடியுமா?"

துணிந்து அவளே ஒரு திருகைத் திருகினாள். மெஷின் ஓடியது, லேபிள்கள் தலைகீழாக ஒட்டின. எதிர்ப்பக்கம் திருகினாள். லேபிள்கள் நிமிர்ந்தன, ஆனால் பாட்டிலை விட்டுவிட்டுப் பறந்தன. அதில் ஒன்று, எட்டிப் பார்க்க வந்த மேனேஜரின் வழுக்கையில் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது: 'அடர்த்தியான கூந்தலுக்கு.'

"வைத்தியருக்குப் போன் போடு!" என்று அலறினார் மேனேஜர்.

எடுத்தது ஒரு பெண். "நான் அவர் சம்சாரம்மா. பல்லைப் புடுங்கி வாய் நிறையப் பஞ்சு வெச்சிருக்காங்க. அவரால பேச முடியாது. என்ன விஷயம்?"

சூப்பர்வைசர் நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"போனை மெஷின் கிட்டப் பிடி... ம், நிறுத்திடு. கீழ் ரோலர்ல பசை கட்டியிருக்கு. வெந்நீர்த் துணியால துடை. திருகைக் கொஞ்சம் கொஞ்சமாப் பின்னாடி கொண்டு வா. இன்னும்... போதும்! ஓட விடு."

ஓடியது! பாட்டில்கள் அலுங்காமல் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தன. வெறும் சத்தத்தை வைத்தே நோயைக் கண்டுபிடித்தாயிற்று! மேனேஜர் தலையில் இருந்ததைப் பிய்க்கக்கூட மறந்து வாய்பிளந்து நின்றார். அவள் போனைத் திரும்பக் காதில் வைத்தாள்.

"அக்கா... எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாத மனுஷர், உங்களுக்கு இவ்வளவும் சொல்லித் தந்திருக்காரே!"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

"அவரா? கல்யாணத்துக்கு முன்னாடி அந்த மெஷினை ஓட்டினதே நான்தாம்மா. அவருக்கே இன்னும் முழுசாச் சொல்லித் தரலை. தந்துட்டா, அப்புறம் வேலை நேரத்துல எனக்கு எதுக்குப் போன் பண்ணப் போறாரு?"