அண்ணனுக்கு ஒரு ஐஸ்

"சார், கொழந்தைய எங்க உக்கார வைக்கிறது?"

வேன் கதவைப் பிடித்தபடி கேட்டான் கொளஞ்சி. அவன் இடுப்பில் நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று, கையில் கடித்த முறுக்கோடு உட்கார்ந்திருந்தது.

பி.டி. மாஸ்டர் ராபர்ட் முன் சீட்டிலிருந்து எழுந்து வந்தான்.

"யாருடா இது?"

"எம் பொண்ணு சார். அனு. வணக்கம் சொல்லு பாப்பா."

"கொளஞ்சி, இன்னிக்கு நீ யாரு?"

"ப்ளஸ் டூ அன்பரசு சார்."

"ப்ளஸ் டூ பையன் எவனாவது பொண்ண இடுப்புல வச்சிக்கிட்டு மேட்ச் ஆட வருவானா?"

"நா என்ன சார் பண்றது? எம் பொண்டாட்டி அவுங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு காலையிலியே நெய்வேலி போயிட்டா. மச்சான் வூட்டுல வுட்டுட்டு வரலாம்னு பாத்தேன். அவன் என்னாடான்னா லீவு போட்டுட்டு எங்கியோ போயிட்டான்."

நிஜ அன்பரசு மஞ்சள் காமாலையில் படுத்துப் பத்து நாளாகிறது. அவனை விட்டால் பந்தை ஓங்கி அடிக்கக் கடலூர் சபாபதி நினைவு ஆண்கள் மெட்ரிக் பள்ளியில் ஆள் இல்லை. அதனால்தான் ராபர்ட் குடிகாடு வரை போய், ஒரு கெமிக்கல் கம்பெனியின் வாலிபால் டீமிலிருந்து கொளஞ்சியைப் பிடித்து வந்திருந்தான். வயது இருபத்தாறு. யூனிஃபார்ம் போட்டால் பதினெட்டு என்று ராபர்ட் நம்பினான். நம்பியே ஆக வேண்டிய நிலைமை.

தனியார் பள்ளிகளின் வாலிபால் கோப்பை நாலு வருஷமாகச் சிதம்பரத்திலேயே இருந்தது. இன்று அங்கேதான் ஃபைனல். நேற்று கரஸ்பாண்டன்ட் பொன்னுரங்கம் கூப்பிட்டனுப்பினார்.

"ராபர்ட், ஜெயிச்சா ஒன்ன பர்மனன்ட் பண்றேன். ஜெயிக்காட்டி கூட போவுது. ஆனா அந்த கப்பு மறுபடி அந்த சிதம்பரம் மாஸ்டர் முத்தலிப் ரூம்ல போயி உக்காந்துது, வாலிபால் கோர்ட்ட பஸ் ஷெட்டாக்கிடுவேன். நீ பஸ் டூட்டி பாக்கலாம்."

வேன் மஞ்சக்குப்பத்தைத் தாண்டியது. ராபர்ட் குழந்தையின் முன்னால் குத்துக்காலிட்டான்.

"பாப்பா, இன்னிக்கு ஒரு வெளையாட்டு. அப்பாவ அண்ணன்னு கூப்புடணும். செய்வியா?"

"என்னா குடுப்ப?"

"ஐஸ் வாங்கித் தர்றேன்."

அனு முறுக்கை வாயிலிருந்து எடுத்தாள். தகப்பனைப் பார்த்தாள். "அண்ணா" என்றாள். பின்னால் இருந்த பையன்கள் ஓவென்று கத்தினார்கள்.

முதல் பிரச்சினை தீர்ந்தது என்று ராபர்ட் நிமிர்ந்தபோதுதான் கொளஞ்சியின் மீசை கண்ணில் பட்டது.

"இத ஏன்டா இன்னும் வச்சிருக்க?"

"நீங்க சொல்லலியே சார்."

ஆலப்பாக்கம் தாண்டியதும் டிரைவரிடமிருந்து பிளேடு வாங்கி, ஓடுகிற வேனிலேயே மீசை எடுக்கப்பட்டது. ரெண்டு இடத்தில் ரத்தம். அதுகூடப் பரவாயில்லை. மீசை இருந்த இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று, சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்த இடம் மாதிரி பளிச்சிட்டது.

"சார், இப்பதான் ஜாஸ்தியா தெரியுது" என்றான் ஒரு பையன்.

பவுடர் பூசிப் பார்த்தார்கள். முகம் முழுக்கப் பூச வேண்டியதாயிற்று. கண்ணாடியில் பார்த்த கொளஞ்சியே பயந்தான். கழுவினார்கள். பி.முட்லூரில் டீக்கு நிறுத்தியபோது ராபர்ட்டுக்கு யோசனை பிறந்தது. கீழே குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளினான்.

"மேலுதட்டுல தடவு."

"அவன் மட்டும் தடவுனா சந்தேகம் வரும் சார்."

"அப்ப எல்லாரும் தடவுங்கடா!"

சிதம்பரம் மைதானத்தில் வேன் நின்றபோது, ஆறு மண் மீசைகள் வரிசையாக இறங்கின.

சிதம்பரம் பள்ளியின் பி.டி. மாஸ்டர் அப்துல் முத்தலிப் ஓடி வந்து வரவேற்றார். நாலு வருஷமாகக் கோப்பையை விடாதவர். வழக்கமாக மூக்கு நுனியால் பேசுகிறவர், இன்று ராபர்ட்டின் ரெண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கை ஈரமாக இருந்தது.

"வாங்க ராபர்ட் சார். பசங்க களைச்சிப் போயிருப்பாங்க. ஐ.டி. கார்டு, அது இதுன்னு வெயில்ல நிக்க வைக்காம உடனே ஆரம்பிச்சிடலாமா?"

ராபர்ட்டுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

"நானும் அதான் சார் நெனச்சேன்!"

ஆனால் நடுவர் ராமாமிர்தம் அப்படி நினைக்கவில்லை. விசிலைக் கழுத்தில் தாலி மாதிரி பயபக்தியோடு அணிந்திருந்த மனிதர். ரெண்டு டீமையும் நிற்க வைத்து அறிவித்தார்.

"வெளி ஆளு ஒருத்தன் இருந்தாலும் அந்த டீமு அவுட். கப்பு எதிர் டீமுக்கு. கூட்டியாந்த மாஸ்டர் பேர நானே மேல எழுதி அனுப்புவேன்."

ராபர்ட் கார்டுகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டான். பக்கத்தில் முத்தலிப் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அன்பரசு!" என்று கூப்பிட்டார் நடுவர்.

யாரும் அசையவில்லை. கொளஞ்சி ஆகாயத்தில் ஒரு காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்பரசு!" ராபர்ட் கத்தினான். "காது கேக்கலியாடா?"

"ஆங்... ப்ரெசன்ட் சார்!"

நடுவர் கார்டை வாங்கினார். போட்டோவைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார்.

"மூஞ்சில என்னாய்யா இது?"

"டீம் சென்டிமென்ட் சார்" என்றான் ராபர்ட். "மண்ணுக்கு மரியாதை."

"சென்டிமென்ட்ட எல்லாம் மதிக்கணும் சார்" என்று குறுக்கே புகுந்தார் முத்தலிப். "கார்டெல்லாம் சரியாத்தான் இருக்கும். எங்க பசங்களதும் அப்பிடித்தான். ஆரம்பிங்க சார்."

இவ்வளவு நல்ல மனுஷரையா நாலு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தோம் என்று ராபர்ட் வருந்தினான்.

அப்போதுதான் அந்த வெள்ளை ஸ்கார்ப்பியோ புழுதி கிளப்பி வந்து நின்றது. இறங்கியவர் பொன்னுரங்கம். நேராக வந்து, ராபர்ட்டின் கையைப் பிடித்திருந்த குழந்தையைப் பார்த்தார்.

"யாருய்யா இது?"

"நம்ம அன்பரசோட தங்கச்சி சார்."

"அன்பரசு ஒத்தப் புள்ளையாச்சே! அத சொல்லித்தான அவுங்கப்பன் எங்கிட்ட அட்மிஷன் கேட்டான்?"

ராபர்ட்டின் மூளை ரிவர்ஸ் கியரில் சீறியது.

"தங்கச்சி மாதிரின்னு சொன்னேன் சார். இது எங்க அக்கா பொண்ணு. எல்லாரையும் அண்ணன்னுதான் கூப்புடும்."

அனு நிமிர்ந்தாள். "எல்லாரையுமா?"

"ஆமாம்மா. எல்லாரையும்."

"அப்ப ஒரு அண்ணனுக்கு ஒரு ஐஸு."

ராபர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான். பொன்னுரங்கம் சிரித்தார். "கெட்டிக்காரி. இங்க குடு, நா வச்சிக்கிறேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கோர்ட்டைத் தாண்டித் தூரத்து வேப்பமர நிழலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வெடிகுண்டை யாரோ மடியில் வைத்துக்கொண்டு தாலாட்டுவதைப் பார்ப்பது போல ராபர்ட் பார்த்தான்.

ஆட்டத்துக்கு முன் ரெண்டு டீமும் நெட்டுக்கு அடியில் கை குலுக்கின. எல்லாரும் குலுக்கிவிட்டு நகர்ந்தார்கள். கொளஞ்சியும், எதிர் டீமின் ஒன்பதாம் நம்பரும் மட்டும் கரண்ட் அடித்தது மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். விசில் சத்தம்தான் பிரித்தது. கொளஞ்சி ஓடி வந்தான்.

"சார், என்ன மாத்திடுங்க சார்."

"ஏன்டா? பயமா?"

"ஆமா சார். சாயங்காலம் வூட்டுக்குப் போவணும்ல?"

"ஒம்போதாம் நம்பரு ஒன்னத் தின்னுடுவானா? போடா உள்ள!"

ஆட்டம் ஆரம்பித்தது. ராபர்ட் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு ஆட்டத்தைப் பார்த்ததில்லை. கொளஞ்சி அடித்தால் பந்து இடியாக இறங்கியது. ஒன்பதாம் நம்பர் அடித்தால் தரையில் குழி விழுந்தது. ஆனால் ஒருத்தன் நிற்கிற பக்கம் இன்னொருத்தன் மறந்தும் அடிக்கவில்லை. ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் நடுவில் ஒன்பதாம் நம்பர் துண்டால் முகத்தை மூடி மூடி வேர்வை துடைத்தான்.

"பையன் நல்லா ஆடுறான்" என்று முத்தலிப்பிடம் சொன்னான் ராபர்ட்.

"ஒங்க அன்பரசும்தான்" என்றார் முத்தலிப் அவசரமாக. "நாம ரெண்டு பேரும் பசங்களப் பத்திப் பேசக் கூடாது. சென்டிமென்ட்."

முதல் செட் சிதம்பரம். ரெண்டாவது கடலூர். இடைவேளையில் குச்சி ஐஸ் வாங்கிக்கொண்டிருந்த ராபர்ட், பொன்னுரங்கத்தின் குரல் கேட்டு ஓடினான்.

"ஒங்கப்பா என்ன வேலம்மா பாக்குறாரு?"

"பந்து அடிக்கிறாரு" என்றாள் அனு.

"அக்கா வூட்டுக்காரரும் பி.டி. மாஸ்டர் சார்!" என்று மூச்சிரைத்தான் ராபர்ட்.

"எங்க?"

அனு கோர்ட்டைக் காட்டக் கையைத் தூக்கினாள். ராபர்ட் பாய்ந்து அந்தக் கையில் ஒரு குச்சி ஐஸைத் திணித்தான்.

"அவுரு... வேலூர் பக்கம் சார்."

"அது சரி. அன்பரசு என்னாய்யா திடீர்னு இவ்ளோ தோளு வந்துட்டான்? காமாலன்னு எவனோ சொன்னான்."

"கொறஞ்சிடுச்சி சார். ஒரேயடியா... தேறிட்டான்."

மூன்றாவது சிதம்பரம். நாலாவது கடலூர். மைதானமே எழுந்து நின்றது. பொன்னுரங்கத்துக்கு மரநிழலில் இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியோடும் குழந்தையோடும் கோர்ட்டை ஒட்டி வந்துவிட்டார். அனு அப்போது ஐஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது செட். பதினாலுக்குப் பதினாலு.

பந்து நெட்டுக்கு நேர் மேலே எழும்பியது. இந்தப் பக்கம் கொளஞ்சி எகிறினான். அந்தப் பக்கம் ஒன்பதாம் நம்பர் எகிறினான். முதன்முறையாக ரெண்டு பேரும் ஆகாயத்தில் நேருக்கு நேர். ஒரு கணம் ரெண்டு பேரும் அடிக்காமல் தயங்கினார்கள். பந்து யாரும் தொடாமல் நெட்டின் மேல் உட்கார்ந்து, கீழே உருண்டது. கொளஞ்சி தவறான காலில் இறங்கினான்.

மளுக்கென்று ஒரு சத்தம். "அம்மா!" என்று விழுந்தான்.

மைதானம் அமைதியானது. அந்த அமைதியில் பொன்னுரங்கத்தின் மடியிலிருந்து ஒரு சின்ன உருவம் நழுவி இறங்கி ஓடியது.

"பாப்பா! நில்லு!"

ராபர்ட் துரத்தினான். லைனுக்குள் கால் வைத்துவிட்டாள். நடுவர் ராமாமிர்தம் ஸ்டாண்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். பொன்னுரங்கமும் வந்துகொண்டிருந்தார். பஸ் ஷெட்டும் வந்துகொண்டிருந்தது.

அனு கொளஞ்சியின் தலைமாட்டில் நின்றாள். உதடு பிதுங்கியது. கண் நிறைந்தது. வாய் திறந்தது.

"அ..."

ராபர்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

"...ண்ணா!"

ராபர்ட் கண்ணைத் திறந்தான். அந்தக் குழந்தைக்கு ஒரு ஐஸ் கம்பெனியையே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ராமாமிர்தம் குனிந்தார். அவர் கண்கள் இடுங்கியிருந்தன. அடிபட்டவனுக்கு மண் மீசை அழிந்து, காலண்டர் எடுத்த இடம் மறுபடி வெளுத்திருந்தது.

"பாப்பா, உண்மையச் சொல்லு. இவுரு ஒனக்கு யாரு?"

"அண்ணன்."

"அதோ, அந்தப் பையன்?"

"அண்ணன்."

"அவன்?"

"எல்லாரும் அண்ணன்."

நடுவர் அன்று முதல்முறையாகச் சிரித்தார். குழந்தையைத் தவிர வேறு எவனையும் பார்க்காமல் பொன்னுரங்கம் பெருமையாகத் தலையசைத்தார். "எங்க ஸ்கூல் வளர்ப்பு சார்." கொளஞ்சி காலைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தான். ராபர்ட்டுக்கு மூச்சு வந்தது. பர்மனன்ட் ஆர்டரின் காகித வாசனைகூட வந்தது.

நெட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒருத்தன் திரும்பி நின்றிருந்தான். ஒன்பதாம் நம்பர். துண்டு தலையையும் முகத்தையும் சேர்த்து மூடியிருந்தது. அனு அவனையே பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். குனிந்து நெட்டுக்கு அடியில் நுழைந்தாள்.

"யா அல்லா! புள்ளயப் புடிங்க!" என்று அலறினார் முத்தலிப். அவர் ஏன் அலறுகிறார் என்று ராபர்ட் திரும்பிப் பார்ப்பதற்குள், அனு துண்டின் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள்.

"ஐ, சின்னையன் மாமா! ஒன்னயும் இன்னிக்கு அண்ணன்னுதான் கூப்புடணுமா? அப்ப இன்னோரு ஐஸு!"