என் ஐந்து நிமிடச் சிந்தனையும் எழுபது ஜோடிச் செருப்பும்

எனக்கு ஒரு வியாதி உண்டு. வேதத்தில் ஒரு பகுதியை வாசித்தால் அது எனக்காகவே எழுதப்பட்டது போலத் தோன்றும். அரை மணி நேரம் கழித்து, அது எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கிறது என்றும் தோன்றும். முதல் பாதிக்குப் பெயர் பக்தி. இரண்டாம் பாதியால்தான் எங்கள் ஊர்க் கோயிலுக்குள் முழங்கால் அளவு (சரி, கணுக்கால் அளவு) தண்ணீர் வந்தது.

கம்பத்திலிருந்து கூடலூர் போகிற வழியில், மலையை ஒட்டினாற்போல் எங்கள் ஊர். கோயிலுக்குப் பின்னால் மலை, முன்னால் ஒரு பள்ளம், அதற்குக் கீழே முருகேசண்ணன் திராட்சைத் தோட்டம். அந்த வருடம் புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒரு யோசனை சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறும் பூசைக்கு முன்னால் மக்களில் ஒருவர் ஐந்து நிமிடம் சிந்தனை வழங்க வேண்டும். முதல் ஞாயிறு பங்குப்பேரவைத் தலைவர் அருளப்பன் ஐயா. இரண்டாவது ஞாயிறு ஒரு பெண் பேசட்டுமே என்றார் சாமியார். அருளப்பன் ஐயாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நம்ம கோயில்ல பொம்பளையாளுக பாட்டுக்கு மைக்கப் பிடிப்பாக சாமி. பேசப் பிடிச்சதில்ல."

"இந்த ஒரு தடவை பார்ப்போம் ஐயா. சரியா வரலைன்னா இனிமே நான் கேட்கவே மாட்டேன்."

அந்த ஒரு தடவைக்கு மாட்டியவள் நான். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பி.எட். முடித்து, தனியார் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் டீச்சர். (ஆறுகளும் வடிகால்களும் அந்தப் பாடத்தில்தான் வருகின்றன என்பதைப் பிற்பாடு என் மாணவர்களே எனக்கு நினைவுபடுத்தினார்கள்.) செய்தி தெரிந்த அன்றே அம்மா எச்சரித்தாள். "ஏண்டி, ஒழுங்காப் பேசிரு. நீ சொதப்புனா ஒனக்கு மட்டுமில்ல, ஊருல இருக்க பொம்பளையாளுக அத்தன பேரு வாயையும் சேத்துத் தச்சுருவாக."

அந்த ஞாயிறுக்குரிய வாசகம், இயேசுவுக்கு முன்னோடியாக வந்த யோவான் வனாந்தரத்தில் நின்று சத்தம் போடுகிற பகுதி. ஆண்டவர் வருகிறார், பாதையைச் சீராக்குங்கள், பள்ளத்தை நிரப்புங்கள், மேட்டைத் தாழ்த்துங்கள் என்பார். வழக்கமாக இதற்கு எல்லோரும் ஒரே விளக்கம்தான் தருவார்கள். பள்ளம் என்றால் மனதில் உள்ள குறை, மேடு என்றால் ஆணவம். எனக்கு அது சப்பென்று இருந்தது. விசுவாசம் என்பது அன்றாட வாழ்க்கையில், கைகால்களில் தெரிய வேண்டாமா? மேலும் எங்கள் கோயில் வாசலில் நிஜமாகவே ஒரு பள்ளம் இருந்தது. அதன் மேல்பக்கம் நிஜமாகவே ஒரு மண்மேடும் இருந்தது. இத்தனை வருடம் இது யார் கண்ணிலும் படவில்லையே என்று எனக்குப் புல்லரித்துவிட்டது.

அந்தப் பள்ளத்தின் குறுக்கே ஒரு பலகைக்கல் போட்டிருப்பார்கள். வயதான பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, செபம் சொல்லிக்கொண்டே அதைக் கடப்பார்கள். நான்கைந்து வருடமாக நல்ல மழை இல்லை. நானும் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தவள். நான் பார்த்தவரை அந்தப் பள்ளத்தில் ஓடியவை ஆடுகள் மட்டுமே.

சனிக்கிழமை காலை என் தாய்மாமன் சகாயம் தன் ஜேசிபியோடு வந்து சேர்ந்தார்.

"சாமிகிட்டச் சொல்லிட்டியாத்தா?"

"சாமியாருக்கும் மேல இருக்கவர்கிட்டயே சொல்லிட்டேன் மாமா."

சத்தம் கேட்டு முருகேசண்ணன் தோட்டத்திலிருந்து வந்தார். "ஏம்மா டீச்சரு, இங்கன எதுக்கு வண்டி நிக்குது?"

"மேட்டத் தள்ளிப் பள்ளத்த மூடுறோம்ணே. ஆண்டவர் வர்ற பாதை."

"யாரு வந்தாலும் வரட்டும்மா. மலைத்தண்ணி எந்தப் பாதையில போகும்?"

நான் அவரைக் கருணையோடு பார்த்தேன். "விசுவாசம் வேணும்ணே" என்றேன். (வீரபாண்டி அம்மன் கோயிலுக்கு வருடம் தவறாமல் தீச்சட்டி எடுக்கிற மனிதரிடம் போய் இதைச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.) அவர் வானத்தை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், தோட்டத்துக்குத் திரும்பிப் போய்விட்டார். முக்கால் மணி நேரத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வாசல் பாய் விரித்தாற்போல் சமமாகக் கிடந்தது.

ஞாயிறு விடியும்போதே மலை மேல் கருகருவென்று மேகம் இறங்கியிருந்தது. ஊருக்குள் தூறல்தான். பலகைக்கல்லைத் தேடிவந்த பெண்கள் சமதளத்தைப் பார்த்து, கைவீசி நடந்து வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். அருளப்பன் ஐயாகூட மண்ணைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு "ம்" என்றார். அவரிடமிருந்து "ம்" வாங்குவது பெரிய விஷயம். பிறகு தன் புதுத் தோல் செருப்பை வாசலில் ஓரமாக, யாரும் மிதிக்காதபடி கழற்றி வைத்தார். எழுபது ஜோடிச் செருப்பு வாசலில் இருந்தது. மக்கள் வழக்கம்போல உள்ளே தரையில் உட்கார்ந்தார்கள்.

ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவத்திகளில் இரண்டாவது ஏற்றப்பட்டது. நான் மைக் முன்னால் போய் நின்றேன். முதல் நிமிடம் தாளைப் பார்த்தே வாசித்தேன். இரண்டாவது நிமிடம் என் குரல் எனக்கே பிடித்துப்போனது. மூன்றாவது நிமிடம் தகரக் கூரையில் மழை இறங்கியது. நானும் விடவில்லை, அதற்கு மேல் சத்தம் போட்டேன்.

"நாம் பாதையைத் திறந்து வைத்தால் போதும். வருகிறவர் தாமாகவே உள்ளே வருவார்!"

கடைசி வரிசை எழுந்து நின்றது.

எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். நடுவரிசையும் எழுந்தது. பெண்கள் பக்கமும் எழுந்தார்கள், முகத்தில் ஒரு பரபரப்பு, கையில் சேலைக் கொசுவம். போன வாரம் அருளப்பன் ஐயா பேசும்போது எழுந்தவர்கள் வெளியே போவதற்குத்தான் எழுந்தார்கள். எனக்கோ சபையே எழுந்து நிற்கிறது! இரண்டு கைகளையும் விரித்தேன்.

"உங்கள் உள்ளத்தைத் தொட்டுவிட்டது என்று தெரிகிறது!"

முன்வரிசையிலிருந்து அம்மா கத்தினாள். "உள்ளத்தத் தொடலடி, காலத் தொட்டுருச்சு! கீழ பாருடி!"

பார்த்தேன். செம்மண் தண்ணீர். அதன் மேல் செருப்புகள் பவனியாக வந்துகொண்டிருந்தன. முன்னால் ஹவாய் செருப்புகள், பின்னால் பெண்களின் சரிகை வைத்த செருப்புகள். விசுவாசம் இருந்தால் மலை பெயரும் என்று படித்திருக்கிறேன். இளைஞர்கள் இரண்டு வாரமாக உட்கார்ந்து செய்த கிறிஸ்துமஸ் குடிலின் தெர்மாகோல் மலை, தரையை விட்டுப் பெயர்ந்து பீடத்தை நோக்கி நகர்ந்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மாமாவுக்குப் போன் போட்டால் ஜேசிபி கூடலூரில் வேலையில் நிற்கிறது. அதற்குள் முருகேசண்ணன் தோட்டத்திலிருந்து நான்கு ஆட்களோடும் ஒரு கட்டு மண்வெட்டியோடும் வந்துவிட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டார். "என்ன டீச்சரு, வெட்டுவமா? இல்ல, பேச்சு இன்னும் பாக்கி இருக்கா?"

சாமியார் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டினார். அருளப்பன் ஐயா வெறுங்காலோடு வெட்டினார். நானும் வெட்டினேன். பள்ளம் திறந்துகொண்டதும் தண்ணீர் சமர்த்தாகத் திரும்பி ஓடியது, செருப்புகளையும் கூட்டிக்கொண்டு. அத்தனையும் திராட்சைத் தோட்டத்து வேலியில் போய்த் தொங்கின. தாமதமாகத் தொடங்கிய பூசையில், "பிரசங்கம் ஏற்கெனவே ஆயிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு சாமியார் பூசையைத் தொடர்ந்தார்.

நான் கோயிலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். நனைந்ததற்கோ ஊர் சிரித்ததற்கோ இல்லை. ஊர்ப் பெண்களுக்குக் கிடைத்த ஒரே ஒரு தடவையை நான் மூழ்கடித்துவிட்டேனே என்றுதான்.

அன்று சாயங்காலம் பேரவைக் கூட்டம். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அருளப்பன் ஐயா எழுந்தார். காலில் செருப்பு இல்லை. இடது கால் செருப்பு மட்டும்தான் கிடைத்திருந்தது.

"போன வாரம் நான் பேசுனேன்ல? என்ன பேசுனேன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்."

ஆளாளுக்குத் தலையைச் சொறிந்தார்கள். சாமியார் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார்.

"சரி, இந்தப் புள்ள என்ன பேசுச்சு?"

"பள்ளத்த நெரப்பணும், மேட்டத் தாழ்த்தணும்!" எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஞானோபதேச வகுப்பில்கூட அப்படி ஒரு குரல் கேட்டதில்லை.

"அம்புட்டுத்தேன். அடுத்த வருசமும் பொம்பளையாளுக பேசட்டும் சாமி. ஆனா அதுக்கு மொத நாளு ஜேசிபிகாரவுக யாரும் ஊருக்குள்ள வரக்கூடாது."

எல்லோரும் சொல்லும் அந்தச் சப்பென்ற விளக்கம்தான் சரி என்று எனக்கு அன்று உறைத்தது. எங்கள் கோயிலில் தாழ்த்த வேண்டிய மேடு ஒன்று இருந்தது உண்மைதான். அது மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது.

இப்போது எங்கள் கோயிலில் நான்கில் இரண்டு ஞாயிறு பெண்கள் பேசுகிறார்கள், நன்றாகவே பேசுகிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த வாசகம் வரும்போது மட்டும், வெயில் காய்ந்தாலும் சரி, ஊர் மொத்தமும் செருப்பைப் பையில் போட்டு உள்ளேயே கொண்டுவந்துவிடும். முருகேசண்ணன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார். "டீச்சரு, இந்த வருசம் யாரு வர்றாக?"

அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில்தான் முடியவில்லை. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கதையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது என் அம்மா. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாரு, வாழ்க்கையில..." என்று தொடங்கினால் போதும். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். இரண்டு காலையும் மெதுவாகத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்வாள்.