வெள்ளிப் பைக்குள்ளை ஆரின்ரை மூச்சு?

பரமலிங்கத்தார் எடுத்த முடிவு இதுதான்: உயிர் போனாலும் பலூன் ஊதமாட்டன்.

உயிர் போற அளவுக்கு ஒண்டுமில்லை. நெஞ்செரிவு. சாப்பிட்டாலும் ஏப்பம், சாப்பிடாட்டிலும் ஏப்பம். மனிசி குணலட்சுமி சந்தி கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனா. டொக்டர் ஒரு வெள்ளிப் பையைக் குடுத்தார்.

"வயித்துக்கை கிருமி இருந்தால் மூச்சிலை தெரியும். விடிய, வெறுவயித்தோடை இதுக்குள்ளை ஊதி, மூடிக் கொண்டு வாங்கோ. மிஷின் சொல்லிப்போடும்."

கிருமிக்கு ஆர் பயந்தது? மனிசனுக்குப் பயம் கள்ளுக்கு. இனிக் கள்ளுத் தவறணைப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டன் எண்டு மாவிட்டபுரம் கோயிலிலை கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணினவர். கற்பூர மணம் கையை விட்டுப் போகமுதல் தவறணையிலை நிண்டவர். றோட்டிலை பொலிஸ் மறிச்சுப் பலூன் ஊதச் சொன்னால் என்ன காட்டுமோ, அதைத்தான் இந்தப் பையும் காட்டும் எண்டு தானே முடிவெடுத்தார். டொக்டரை ஒரு வசனம் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆம்பிளைத்தனம் குறைஞ்சு போயிடுமாம்!

விடிஞ்சுது.

"இஞ்சாரும், இதை நீர் ஊதித் தாரும்."

"உங்கடை வயித்துக்கு நான் ஏன் ஊதுவான்?"

"மூச்சு வாங்குதப்பா."

"நேற்று வேலிக் கதியால் தடிக்காகப் பக்கத்து வீட்டுக்காரனோடை ஒரு மணித்தியாலம் கத்தேக்கை வாங்கேல்லையோ?"

"இருவத்தாறு வருசமா ஒரு பானைச் சோறு. உம்மடை மூச்சு வேறை, என்ரை மூச்சு வேறையோ?"

குணலட்சுமி நிமிர்ந்து பாத்தா. கலியாணத்தண்டும் வராத வசனம். இண்டைக்கு வருகுதெண்டால் உள்ளுக்கை என்னமோ கிடக்கு.

"தாங்கோ," எண்டு பையை வாங்கிக்கொண்டு குசினிக்குள்ளை போனா.

பரமலிங்கத்தார் சாய்மனைக் கதிரையிலை பேப்பரை விரிச்சார். ரெண்டாம் பக்கம் வரமுதல் வாய் திறந்து குறட்டை. கண் முழிக்கேக்கை பை உப்பி, மூடியோடை மடியிலை இருந்துது.

கிளினிக்குக்குத் தனியத்தான் போனார்.

"கிருமி இருக்கு. ரெண்டு கிழமைக்குக் குளிசை. விட்டால் வயித்துப் புண்ணாக்கிப்போடும்."

"வேறை ஒண்டும் காட்டேல்லையோ டொக்டர்?"

"வேறை என்ன?"

"சும்மா."

சிரிச்சுக்கொண்டுதான் வெளிக்கிட்டார். கேற்றடியிலை உறைச்சுது. ஐயோ, அது குணத்தின்ரை மூச்செல்லோ!

வீட்டை வந்து குணலட்சுமியின்ரை கையிலிருந்த கத்தியைப் பறிச்சார். "நீர் இரும். அடுப்படிக்கு வரப்படாது." முற்றம் கூட்டினார். தேங்காய் துருவினார். சோத்தை அடிப்பிடிக்க விட்டார். அவா சாய்மனையிலை காலை நீட்டிக்கொண்டு பாத்தா.

"என்னப்பா, கிளினிக்கிலை ஆளை மாத்தி அனுப்பிப்போட்டினமோ?"

அதோடை மனிசன் உடைஞ்சு போனார். தண்ணிச் செம்பும் குளிசையுமா வந்து நிண்டார். கண் கலங்கிப் போச்சு.

"குணம், இதைப் போடும். கிருமி உமக்கு."

"எனக்கோ? பை உங்கடையெல்லோ?"

"ஊதினது நீரெல்லோ. நான் ஊதினால் கள்ளுக் காட்டிப்போடும் எண்டு..."

"என்ன கள்ளு?"

"ஒரு போத்தில்தான்."

"எப்ப?"

"வெள்ளிக்கிழமையைத் தவிர மற்ற நாளெல்லாம்."

"அப்ப சத்தியம்?"

"உம்மை விடச் சத்தியம் பெரிசோ? பேசுறதைப் பிறகு பேசும். முதல் இதை விழுங்கும்."

குணலட்சுமிக்கு வந்த கோவம் பாதி வழியிலை நிண்டிட்டுது.

"நான் ஊதேல்லை."

"அப்ப ஆர்?"

"நீங்கள்தான். வாயைத் திறந்து குறட்டை விடேக்கை பையின்ரை குழாயை வாய்க்குள்ளை வைச்சுப் பிடிச்சனான். ஆறு குறட்டையிலை பை நிரம்பிட்டுது."

பரமலிங்கத்தார் கையிலிருந்த குளிசையைப் பாத்தார்.

"அப்ப... மிஷின் கள்ளைக் காட்டேல்லையே!"

"அது கிருமி பிடிக்கிற மிஷின். கள்ளுப் பிடிக்க நான் இருக்கிறன். விழுங்கிப்போட்டு, அடிப்பிடிச்ச பானையைக் கொண்டுபோய்த் தேயுங்கோ."