பழைய ஓலையும் பன்னிரண்டு கிடாவும்

கடம்பூர் அருகே,
9-6-2025, திங்கட்கிழமை.

அன்பு மருமகன் ஜெஸ்டினுக்கு உன் மாமா வேதமாணிக்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை ஸ்டெல்லாமேரியும் மகள் சபிதாவும் ஆண்டவர் கிருபையில் சுகம். பெங்களூரில் உன் சுகத்தையும், உன் அம்மா, அதாவது என் தங்கச்சி அஞ்சலினின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாள். சபிதா கல்யாணம் நிற்கவில்லை. நேற்றுப் பூசையில் மூன்றாம் கல்யாண ஓலையும் வாசித்தாயிற்று. “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்” என்று பங்குச்சாமியார் நிறுத்திய அந்த நேரத்தில் கோவிலில் ஒருவர்கூட இருமவில்லை. எனக்கு வந்த இருமலை நானே விழுங்கிவிட்டேன். பதினெட்டாம் தேதி புதன்கிழமை கல்யாணம். இவ்வளவு பெரிய சேதியைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறானே மாமா என்று நினைக்காதே. சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு நான் போனைத் தொடவில்லை. அது பீரோவில் துண்டுக்கு அடியில் கிடக்கிறது.

நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும், மீதியையும் கேள். பதினோரு வருடமாக நம் கோவில் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஞானஸ்நானம், ஓலை, கல்யாணம், சாவு, அசன விருந்து என்று எல்லாக் கணக்கையும் பழைய டேட்டாபேஸில் ஏற்றி வைத்திருந்தோம். அதை அப்படியே புது டேட்டாபேஸுக்கு மாற்ற வேண்டும் என்று சாமி சொன்னார். தபால் ஆபீஸில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியாமல் இருக்குமா என்று என் தலையில் கட்டினார். நான் உன்னிடம் கேட்டேன். நீயும் சந்தோஷமாக விளக்கினாய்: “மாமா, பழசுல என்ன எழுதினாலும் அது ஒரு மெசேஜா கெளம்பி ஒரு எண்ட்பாயிண்டுக்குப் போகும், அங்கன இருந்து புதுசு எடுத்துக்கிடும், அங்கன இருந்தே பங்கு மக்களுக்கு எஸ்.எம்.எஸ்.ஸும் போயிரும்.” இதில் எனக்குப் புரியாதது ஒன்றுமில்லை. எண்ட்பாயிண்ட் என்பது தபால் பிரிக்கிற ஆபீஸ். டாப்பிக் என்று நீ சொன்னது ஊர்வாரியாகக் கட்டுகிற பை. புது டேட்டாபேஸ் பட்டுவாடா செய்கிறவர். இதற்குப் போய் உனக்கு அவ்வளவு சம்பளம் கொடுக்கிறார்களே என்றுகூட உன் அத்தையிடம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நானும் சபிதாவும் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். அவளுக்கு அன்று ஆஸ்பத்திரியில் டியூட்டி இல்லை; நர்ஸ் வேலை பார்க்கிற பிள்ளைக்கு விரல் நடுங்காது என்பதால் பாஸ்வேர்டை அடிக்கக் கூட்டிப்போனேன். எண்ட்பாயிண்ட் முகவரி என்று ஒரு கட்டம் வந்தது. நான் பங்குச்சாமியார் மேற்பார்வை என்று தொடங்கி, கதவு எண், தெரு, தண்ணீர்த்தொட்டி எதிரில், பின்கோடு வரைக்கும் ஒரு பிழையில்லாமல் அடித்தேன். இணைக்க முடியவில்லை என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. பின்கோடு போட்ட முகவரிக்குப் போக முடியாத ஒரு ஆபீஸை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. சபிதா சிரித்துக்கொண்டே நீ அனுப்பிய சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் அடித்தாள். கடைசிக் கட்டத்தில், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டது. ‘ஆரம்பத்திலிருந்து’ என்று ஒன்று, ‘இனி வருவது மட்டும்’ என்று ஒன்று. பழைய பதிவுகளை நீயே வேறு வழியாக மாற்றிவிட்டதால் இரண்டாவதைத்தான் தொட வேண்டும் என்று நீ நான்கு தடவை சொல்லியிருந்தாய். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டாவதைத்தான் தொட்டேன், ஜெஸ்டின். பைபிள்மேல் கை வைத்துச் சொல்வேன். பிறகு சாமிக்குத் தகவல் சொல்ல எழுந்து போனேன், திரும்பி வந்தபோது ‘இயங்குகிறது’ என்று பச்சையில் இருந்தது, நாங்கள் வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட உட்கார்ந்தோம்.

முதல் இட்லி முடியவில்லை, போன் அலறியது. பதினோரு வருடத்துச் சேதியும் வரிசையாக, இன்று நடந்ததுபோல, பங்கில் உள்ள அத்தனை பேருக்கும் கிளம்பிவிட்டது. ஆறாம் வகுப்புப் படிக்கிற பையனுக்கு இன்று மாலை ஞானஸ்நானம் என்று போயிருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன் செத்துப்போன வியாகப்பன் தாத்தா இன்று காலை இறைவனடி சேர்ந்தார் என்று போயிருக்கிறது. நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள் என்பது உனக்கே தெரியும். தாத்தா எப்போதோ போய்விட்டார், ஆகவே இது லோடு ஆட்டோ ஓட்டுகிற பேரன் வியாகப்பனாகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் சரியாகவே யோசித்து மாலையோடு அவன் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவன் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான். “ஏலே, காலங்காத்தால யாருக்குலே மாலை?” என்று கேட்டானாம். கொண்டுபோன மாலையைத் திரும்ப வீட்டுக்கு எடுத்துப்போவது ஆகாது என்று எல்லாவற்றையும் கோவில் வளாகத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

நான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் சேதி வந்துகொண்டே இருந்தது. உனக்குப் போன் போட்டால் நீ, “மாமா, அது ஏற்கனவே எண்ட்பாயிண்டுக்குப் போயிட்டு, இனிமே பிளக்கைப் பிடுங்கி என்ன செய்ய? நான் இங்கன இருந்து நிப்பாட்டுதேன்” என்கிறாய். பை ரயில் ஏறிய பிறகு தபால் பெட்டியைப் பூட்டிப் பயனில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு தடவை பட்டுவாடா ஆன கடிதத்தை மறுபடியும் பட்டுவாடா செய்வது எந்த ஊர் நியாயம்? முப்பத்தெட்டு வருடத்தில் நான் அப்படி ஒரு கடிதம் கொடுத்ததில்லை. ஒரே காலையில் ஊருக்கே கொடுக்க வைத்துவிட்டாய். அப்போது உன்னைத் திட்டியதில் பாதி போனில் கேட்டிருக்கும். கேட்காத பாதியை இங்கே எழுத இடம் போதாது. கல்யாணம் முடிகிற வரைக்கும் என் முகத்தில் முழிக்காதே.

பத்து மணிக்கு ஒரு மினிவேன் வந்து நின்றது. புதூர்ப் பக்கத்திலிருந்து ஆடு வளர்க்கிற மாயகிருஷ்ணன் இறங்கினார், பின்னாலேயே பன்னிரண்டு கிடாக்கள் இறங்கின. மூன்று வருடத்துக்கு முன் திருவிழா அசனத்துக்கு நாம் சொல்லிவிட்ட சேதி அவருக்கு இன்று மறுபடியும் போயிருக்கிறது. நான் கையைப் பிசைந்துகொண்டு மெஷின் தப்பு என்றேன். “அண்ணாச்சி, நாளைக்கு அசனம், பன்னெண்டு கிடா வேணும்னு எழுதியிருக்கு. மெஷினுக்கு எப்படி அண்ணாச்சி பன்னெண்டுன்னு தெரியும்? வழியெல்லாம் ஒங்க கோவில் அசனத்துக்குன்னு சொல்லிட்டு வாரேன், எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு திருப்பி ஏத்திட்டுப் போவேன்?” என்று அவர் கேட்பதற்குள் கிடாக்கள் வியாகப்பனுக்கு வந்த மாலைகளைத் தின்ன ஆரம்பித்துவிட்டன.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்து வந்த சேதியைப் பார்த்ததும்தான் எனக்குக் கண் இருட்டிவிட்டது. ‘இரண்டாம் ஓலை. மணமகள் சபிதா.’ மணமகன் பெயர் இப்போதைய மாப்பிள்ளை சாம்ராஜ் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் பேசினோமே, அந்தப் பையன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக்கூடாது என்று அவன் சொன்னதும், இரண்டு ஓலை வாசித்த பிறகு நம் பிள்ளைதான் வேண்டாம் என்று நிறுத்தினாள். அதைப் புதியம்புத்தூர்ச் சம்பந்தி வீட்டில் நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை, எப்போது சொல்வது என்று பார்த்துப் பார்த்தே இரண்டு ஓலை ஓடிவிட்டது. சம்பந்தி வீட்டு எண்ணை எஸ்.எம்.எஸ். பட்டியலில் போன மாதம் சேர்த்தது யார்? நான்தான். ஞாயிறுதோறும் ஓலை வாசிப்பதை அவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே என்று ஆசைப்பட்டுச் சேர்த்தேன்.

சம்பந்தி சாமித்துரையிடமிருந்து உடனே போன் வந்தது. “இப்பம் கெளம்பி வாரோம்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். உன் அத்தை ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் வெளியே வரவில்லை. நான் சொல்வதற்கு மூன்று பொய் தயார் செய்தேன். அது வேறு சபிதா என்பது ஒன்று, மெஷின் பெயரைக் குழப்பிவிட்டது என்பது ஒன்று, மூன்றாவது இப்போது நினைவில் இல்லை. ரிட்டையர்மெண்ட் அன்றுகூட நான் அழவில்லை, சனிக்கிழமை கழனித்தொட்டி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு வந்தார்கள். சாமித்துரையும், அவர் வீட்டம்மாவும், அவர்கள் தையல் யூனிட்டில் கட்டிங் மாஸ்டராக இருக்கிற ஒரு உறவினரும். கல்யாணத்தை நிறுத்த வருகிறவர்கள் கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு வரமாட்டார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் முதல் பொய்யைத் தொடங்கி, “அந்தச் சபிதா வந்து...” என்றேன். சம்பந்தியம்மா கையைக் காட்டி நிறுத்தினார். “அண்ணாச்சி, ஒண்ணும் சொல்லாண்டாம். ஒங்க பிள்ளைக்கு ரெண்டு ஓலையோட நின்னுட்டு. எங்க பையனுக்கு மூணு ஓலையும் வாசிச்சு, மண்டபத்துல பந்தலும் போட்டுட்டுல்லா நின்னுது. அந்தப் பிள்ள வேற ஒருத்தரக் கட்டிக்கிடணும்னு சொல்லிட்டு. ஒங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு இவிய ஆறு மாசமா ராத்திரி தூங்கல” என்று சாமித்துரையைக் காட்டிச் சொன்னார். சாமித்துரை தலையைக் குனிந்துகொண்டு, “அடுத்த மெசேஜ்ல எங்க கதையும் வந்துருமோன்னு பயந்துதான் ஓடி வந்தோம். ஒங்க மெஷின் எங்க கோவில்லயும் மாட்டுதாங்களாமே?” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. இரண்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஆள் ஒளித்துவைத்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் மரியாதையாகக் காபி குடித்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டியிருக்கிறோம். உன் அத்தை அதைக் கேட்டதும் ஜெபமாலையோடு வெளியே வந்து சம்பந்தியம்மாவைக் கட்டிக்கொண்டாள். போளியைப் பிரித்தோம். மாயகிருஷ்ணனையும் கூப்பிட்டு உட்காரவைத்து இலை போட்டோம். கிடாக்களைப் பார்த்த சாமித்துரை, “இதுக இங்கனயே நிக்கட்டும், கல்யாண விருந்துக்கு ஆச்சு” என்று சொன்னதும் மாயகிருஷ்ணன் முகம் தெளிந்தது. பதினெட்டாம் தேதி வரை அவற்றை யார் மேய்ப்பது என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான்தான் மேய்க்கிறேன். இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்து ஓரம் கிழிந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆக எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஆனால் உன் புண்ணியத்தால் அல்ல. நேற்று இரண்டு பூசையிலும் நான் ஊரார் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். வியாகப்பன் தான் செத்த செலவுக்கு ஒரு டீயாவது வாங்கித் தரச் சொல்கிறான். உன் அத்தை நான் கண்ணாடியைச் சரியாகத் துடைக்காமல் முதல் கட்டத்தைத் தொட்டுவிட்டேன் என்கிறாள், அப்படியும் இருக்கலாம் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எப்படியானாலும் எண்ட்பாயிண்ட், டாப்பிக் என்று இனி என்னிடம் பேசாதே. சாமியிடம் சொல்லிப் பழைய பேரேட்டைத் தூசி தட்டி வைத்துவிட்டேன்.

உன் தலையில் என் வலது கை வைத்ததாக நினைத்துக்கொள். ஆண்டவர் உன் வேலையையும் உன் அம்மாவின் முழங்காலையும் ஒருசேரக் காப்பாராக. அஞ்சலினிடம் பட்டுச்சேலையை இப்போதே எடுத்து வெயிலில் போடச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா
வேதமாணிக்கம்

பி.கு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் சபிதா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, ஜெஸ்டின் மச்சானைத் திட்டி எழுதியிருக்கீங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். “கிழிச்சுப் போடுங்க. நீங்க சாமியப் பாக்கப் போன நேரத்துல ஆரம்பத்துல இருந்துன்னு மாத்தினது நான்தான்” என்றாள். சாம்ராஜும் அவளும் பெண் பார்த்த அன்றே ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். “மூணு மட்டம் ஒங்ககிட்ட சொன்னேன்ப்பா, அவங்க வீட்ல சொல்லிருவோம்னு. நீங்க சொல்லல. நான் போய்ச் சொன்னா எம்மேல கோவப்படுவீங்க. மெஷின் சொன்னா மெஷின் மேலதான கோவப்படுவீங்க? ஓலை மட்டும் போகும்னு நெனச்சேன், செத்தவங்களும் கிடாவும் சேந்து கெளம்பும்னு சத்தியமா நெனைக்கல” என்று சொல்லி அழுதாள். அவள் சொன்னது சரிதான், இரண்டு நாளாக நான் மெஷின் மேலும் உன் மேலும்தான் கோபப்பட்டேன், அவள் மேல் ஒரு நிமிடம்கூட வரவில்லை, இப்போதும் வரவில்லை. ஆகவே மேலே உன்னைத் திட்டிய இடங்களை நீயே பேனாவால் அடித்துக்கொள், பதினைந்தாம் தேதியே புறப்பட்டு வந்து என் முகத்தில் முழி. உன் அத்தைக்கு இது இன்னும் தெரியாது. அவள் அடுப்படியில்தான் இருக்கிறாள். இந்தத் தடவை நானே எழுந்து போய்ச் சொல்லப்போகிறேன்.