நூற்றுப் பதினெட்டாம் நம்பர் பல் செட்

நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டிய தங்கைக்கு, உன்னோடு பேசுவதில்லை என்று இருக்கும் அக்கா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்காமல் கடிதம் எழுதக் கூடாது என்பதால், கேட்டதாக வைத்துக்கொள்.

உன் பல் செட் ஏன் இன்னும் வரவில்லை என்று டாக்டரிடம் கத்தினாயாம். நிதானமாகப் படி. அந்த டாக்டர் செட் கட்டக் கொடுப்பது என் மருமகளின் பட்டறையில். அங்கே பில் எழுதுவது நான். பதினோரு வருஷம் கையாலேயே நம்பர் போட்டேன். ஒன்று விட்டுப்போனதில்லை, ஒன்று இரண்டு தடவை விழுந்ததில்லை. போன மாதம் மருமகள் கம்ப்யூட்டரில் கட்டம் போட்ட தாள் ஒன்றைத் திறந்து வைத்து, "அத்தை, இனிமே நீங்க நம்பர் போட வேணாம். பேர மட்டும் அடிங்க, ஃபார்முலா எழுதிட்டேன், நம்பர் தானா வந்துடும்" என்றாள். எப்படி வரும் என்றேன். "எத்தனாவது வரின்னு அதுவே எண்ணிப் போட்டுக்கும்" என்றாள். எண்ணத் தெரியும், ஞாபகம் வைக்கத் தெரியாது. அவ்வளவுதான் அதன் படிப்பு.

118இல் உன் பெயர் வந்தது. 119 நான், எனக்கும் ஒரு செட் கட்டினாள். பிறந்தது எனக்குப் பின்னால், உட்கார்ந்தது எனக்கு மேலே. அம்மா வீட்டிலும் நீ அப்படித்தான். மருமகள் ஒவ்வொரு செட்டையும் ஒரு பெட்டியில் போட்டு, மேலே மையால் அதன் நம்பரை எழுதி வைத்தாள். மறுநாள் பார்த்தால் கம்ப்யூட்டரில் உன் வரியைக் காணோம். கை பட்டதோ, காற்று பட்டதோ, நான் அறியேன். ஒரு வரி போனதும் கீழே இருந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு நம்பர் மேலே ஏறிக்கொண்டார்கள். பெட்டியில் இருக்கிற மை ஏறுமா? பில் நம்பரைப் பார்த்துப் பெட்டியைக் கொடுத்தோம். ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்கு யாருடையதோ சின்ன செட். அவர் பேசினால் விசில் வருகிறது, தெருநாய் ஓடி வருகிறது. அவருடையது பாட்டு டீச்சருக்குப் போய், பாட்டு முடிந்தும் வாய் மூடவில்லை. முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் பிள்ளைகள் உட்கார்ந்தே இருந்தார்களாம்.

மருமகள் வந்து நின்றாள். "அத்தை, வரிய யாராச்சும் அழிச்சீங்களா?"

"தானா போடுறது தானா அழிச்சிருக்கும்."

"உங்க செட்டு சரியா இருக்கா? வாயத் திறங்க, பாப்போம்."

திறக்கவில்லை. அதற்குப் பிறகு ஆறு நாளாகத் திறக்கவில்லை.

வாயை மூடிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. என் மகன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது, அத்தனை பேர் முன்னால், "அக்கா, வாய மூடிக்கிட்டு நில்லு, பல்லு வெளிய தெரியுது" என்று சொன்னது நீ. வியாழக்கிழமை, நீ பச்சைப் புடவை. இருபத்தாறு வருஷம் நாலு மாசம் ஆகிறது. அந்தப் போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், பெற்றவள் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி நிற்கிறேன்.

ஆகவே உன் பெட்டி தொலைந்துவிட்டது. டாக்டரிடம் மறுபடி அளவு கொடு. இந்தப் பக்கம் வராதே. நோய்நொடி இல்லாமல், என்னைப் பார்க்காமல், நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: வரியை அழித்தது நான்தான். அழித்ததும் நான் 118 ஆகி, உன் பெட்டி எனக்கு வந்துவிட்டது. எனக்கென்றே வார்த்தது போல உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேருக்கும் அம்மாவின் தாடைதானே. இன்று கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்த்தேன். நீதான் சிரித்தாய். டிரைவரிடமிருந்து திரும்பிய என் 119ஐ நன்றாகக் கழுவி வைத்திருக்கிறேன், வந்து போட்டுப் பார். வரும்போது போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டு வா. உன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கப் போகிறேன். மூடு என்று சொல்லிப் பார்.