ரெண்டு கருப்புசாமி, ஒரே தேதி

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதானுங்க. குரூப்புல ரெண்டு போட்டோ போடோணும். அவ்வளவுதான்.

சூலூர் சுத்துவட்டாரத்துல கோயில் மேளம், பாட்டுக் கச்சேரி, ஆர்கெஸ்ட்ரான்னா உசுர உடற ஆளுங்க எல்லாஞ் சேந்து ஒரு வாட்ஸப் குரூப் வெச்சிருக்கறோம். அதுக்கு நாந்தான் அட்மின். எனக்குச் சங்கீத ஞானம் இருக்குதுன்னு யாரும் ஆக்கலீங்க. அட்மின் யாருன்னு பேசுன கூட்டத்துக்கு நான் மட்டும் போகல. அதனால என்னைய ஆக்கிப்போட்டாங்க.

எம்பட டூட்டி, தெனமும் காலையில இன்னைக்குப் பொறந்த கலைஞர் யாரு, இன்னைக்கு மறைஞ்ச கலைஞர் யாருன்னு போட்டோவோட போடறது. இதுல எறங்குன பொறகுதான் தெரிஞ்சுது, காலண்டர்ல ஒரு கட்டங்கூடக் காலியில்லீங்க! எந்தத் தேதியத் தொட்டாலும் ஒரு பாட்டுக்காரர் பொறந்திருக்காரு, இன்னொருத்தர் போயிருக்காரு. ஒரே நாள்ல சிரிக்கோணும், ஒரே நாள்ல அழுகோணும்.

பெரிய வித்வான்களுக்கு ஊரே போடும். நம்மூரு ஆளுங்களுக்கு யாரு போடுவா? அதனால அவங்கவங்க ஊட்டுல கேட்டு நானே தேதியெல்லாஞ் சேத்து வெச்சிருந்தேன்.

நேத்துத் தேதிக்கு ரெண்டு பேரு.

ஒருத்தர் கருமத்தம்பட்டி தவில்காரர் கருப்புசாமி. காலமாகிச் சில வருசம் ஆச்சுங்க. நேத்து அவரோட நினைவு நாள்.

இன்னொருத்தர் சூலூர் கீபோர்டுக்காரர் கருப்புசாமி. சொந்தமா ஆர்கெஸ்ட்ரா வெச்சிருக்காரு. ஆளு கல்லாட்டம் இருக்காரு. நேத்து அவருக்குப் பொறந்தநாளு. சாயந்திரம் அவரு ஊட்டுல கேக் வெட்டறதுன்னு நாங்களே ஏற்பாடு பண்ணியிருந்தோம்.

ரெண்டு பேரும் கருப்புசாமியான்னு கேக்காதீங்க. நம்ம பக்கத்துல பஸ்ஸுக்குள்ள நின்னு "கருப்புசாமி!"ன்னு கூப்பிட்டீங்கன்னா கண்டக்டரும் திரும்புவாரு, டிரைவரும் திரும்புவாரு, வண்டி போயி டிவைடர்ல ஏறும்.

பேரு ஒண்ணாச்சேன்னா, மூஞ்சியாச்சும் வேற வேறயா இருக்கலாமில்லீங்களா? அதுவும் இல்ல. ரெண்டு பேருக்கும் அதே வழுக்கை, அதே முறுக்கு மீசை, நெத்தி நெறைய அதே விபூதி.

எங்கிட்ட ரெண்டு டிசைன் இருக்குதுங்க. ஒண்ணுல பலூனு, கேக்கு, "நூறாண்டு வாழ்க". இன்னொண்ணுல கறுப்பு ஓரம், குத்துவிளக்கு, "கண்ணீர் அஞ்சலி". நினைவு நாளுக்குக் கண்ணீர் அஞ்சலி கொஞ்சம் ஜாஸ்திதான். ஓசியில அதுதான் கெடச்சுது.

அடுப்புல தோசை. ஒரு கையில கரண்டி. ஒரு கையில போனு. "சுமதி, சட்னியில உப்பில்ல"ன்னு எங்க ஊட்டுக்காரரு. உப்பு டப்பாவ எடுக்கறதுக்கும் போட்டோவ அமுக்கறதுக்கும் நடுவுல நான் ஒரு கருப்புசாமிய மாத்திப்போட்டேனுங்க.

உசுரோட இருக்கறவருக்குக் குத்துவிளக்கு. போயிச் சேந்தவருக்குப் பலூனு.

அது எனக்குத் தெரியாது. ரெண்டையும் அனுப்பிப்போட்டு, தோசையத் தின்னுபோட்டு, ரேஷன் கடைக்குப் போயிட்டேன்.

கடையில வரிசை ரோட்டு வரைக்கும் நிக்குது. உச்சி வெயிலு. போன்ல கடைசியா வந்த மெசேஜு மட்டும் மங்கலாத் தெரியுது. டொய்ங் டொய்ங்குன்னு வந்துட்டே இருக்குது. அடடா, பொறந்தநாளுக்கு இத்தனை வரவேற்பான்னு எனக்கு ஒரே பெருமை!

ஒருத்தர் கேட்டிருந்தாரு, "எப்பங்க எடுக்கறாங்க?"

போட்டோ, வீடியோவத்தான் கேக்கறாருன்னு நெனச்சு, "அஞ்சு மணிக்குங்க"ன்னு போட்டேன்.

"எங்கீங்க?"

"அவரு ஊட்டுலயேதானுங்க. எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க. டிபன் இருக்குது."

"டிபனா?"

"ஆமாங்க, கேசரியும் போண்டாவும். நீங்க வந்தா அவரு ரொம்ப சந்தோசப்படுவாரு."

அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் குரூப்புல யாரும் மூச்சு உடல. வெயில்ல சிக்னல் போயிருச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.

கைரேகை வெக்கற நேரம் பாத்துப் போன் அடிச்சுது. கீபோர்டு கருப்புசாமி!

"அண்ணா! பொறந்தநாள் வாழ்த்துங்கண்ணா! நல்லாருக்கீங்களா?"

"அதத்தான் உங்ககிட்டக் கேக்கலாம்னு போன் பண்ணுனேன் அம்மணி. நான் நல்லாருக்கறனுங்களா?"

"என்னங்கண்ணா இப்படிக் கேக்கறீங்க?"

"ஒரு ஆளு ரோசாப்பூ மாலையோட வந்து கேட்டத் தட்டுனாருங்க. நாந்தான் போயித் தெறந்தேன். 'ஏனுங்க, கருப்புசாமி ஊடு இதுதானுங்களா? எப்பங்க ஆச்சு?'ன்னாரு. 'நாந்தானுங்க கருப்புசாமி'ன்னேன். மாலையக் கீழ போட்டுட்டு ஓட ஆரம்பிச்சவரு கலங்கல் ரோட்டத் தாண்டியும் நிக்கலியாமா."

பருப்பு, பாமாயில் எதுவும் வேண்டாம்னு நெழலுக்கு ஓடிப்போயி குரூப்பப் பாத்தேன்.

கீபோர்டுக்காரர் குத்துவிளக்குப் பக்கத்துல ஜம்முனு சிரிச்சுட்டு இருக்காரு. கீழ முழுக்கக் கும்புட்ட கை. "நேத்துக்கூட டீக்கடையில பாத்தனே!"ன்னு ஒருத்தர். "சக்கரை இருந்துச்சு, கேக்கவே மாட்டாரு"ன்னு இன்னொருத்தர். "அட்மினுக்கு மனசாட்சி இல்லையா? எழவு ஊட்டுல போண்டாவா?"ன்னு மூணாவது ஆளு.

சரி, பதறாத சுமதி, அழிச்சுப்போடலாம்னு அமுக்குனேன். ரெண்டு வழி காட்டுச்சு. எல்லாருக்கும் அழிக்கறதா, எனக்கு மட்டும் அழிக்கறதான்னு. பதட்டத்துல ரெண்டாவத அமுக்கிப்போட்டேன்!

இப்ப எம்பட போன்ல மட்டும் அவரு சாகல. ஊருக்கெல்லாம் செத்தது செத்ததுதான்.

மறுபடியும் அத எடுத்து அழிக்க வழியே இல்லீங்க. வேற யாரையாச்சும் அழிக்கச் சொல்லலாம்னா, நாந்தான் அட்மின்! "மன்னிச்சுக்குங்க, கருப்புசாமி அண்ணன் சாகவில்லை"ன்னு ஒரு மெசேஜப் போட்டேன். அதுக்கு ஒருத்தர் எழுதறாரு, "கலைஞர்களுக்கு ஏதுங்க சாவு! அருமையாச் சொன்னீங்க."

எங்க ஊட்டுக்காரரு வண்டியில உக்காந்து கருப்புசாமி அண்ணன் ஊட்டுக்குப் போனேன். முனையிலயே ஒரு வேன் நிக்குது. மேல ஐஸ் பொட்டி. குரூப்புல இருக்கற நல்ல மனுசன் ஒருத்தர் போன் பண்ணி வரச்சொல்லிப்போட்டாராமா. வேன்காரர் எறங்கி, "ஏனுங்க, பாடிய எங்க வெச்சிருக்கறாங்க?"ன்னு எங்க ஊட்டுக்காரர்கிட்டக் கேட்டாரு.

"அதா, புதுச் சட்டை போட்டுட்டு சேர்ல உக்காந்திருக்குது பாருங்க"ன்னாரு எங்க ஊட்டுக்காரரு.

நெசமாத்தானுங்க. கருப்புசாமி அண்ணன் வாசல்ல பிளாஸ்டிக் சேரப் போட்டு, போறவங்க வாரவங்க எல்லாத்துக்கும் கையக் காமிச்சுட்டு உக்காந்திருக்காரு. வேன்காரரப் பாத்து, "வந்தது வந்துட்டீங்க, டீ குடிச்சுட்டுப் போங்க தம்பி"ங்கறாரு.

உள்ள இருந்து அவரு சம்சாரம் சரசக்கா வந்தாங்க. அந்தப் பார்வைக்கே எனக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி போட்டிருக்கலாம்.

"ஏனுங்க சுமதி, எம்பட தாலி உங்களுக்கு வெளையாட்டாப் போச்சா?"

"அக்கா, தோசை தீயுதேன்னு..."

"தோசை தீஞ்சா எம்பட புருசனச் சாகடிப்பீங்களா?"

தலையக் குனிஞ்சு நின்னேன்.

அதுக்குள்ள ஈரோட்டுல இருந்து சரசக்காவோட அண்ணன் வேன் புடிச்சு ஒறம்பரை, சொந்தக்காரங்களையெல்லாங் கூட்டியாந்து எறங்கிட்டாரு. "மாப்பளேஏஏ!"ன்னு நெஞ்சுல அடிச்சுட்டே வந்தவரு, சேர்ல மாப்பளையப் பாத்ததும் அடிச்ச கைய அப்படியே அந்தரத்துல நிறுத்திப்போட்டாரு. இன்னொரு கையில கோடிச் சேலை. புருசன் போன பொம்பளைக்குப் பொறந்த ஊட்டுல இருந்து கொண்டாறதுங்க.

"தூக்கி எறிங்கண்ணா அத!"ன்னாங்க சரசக்கா.

"எறியறதா! கடைக்காரன் திருப்பி எடுக்கமாட்டேன்னுட்டானே கண்ணு"ன்னு அவரு அழுகையோடயே சொன்னாரு.

இது வரைக்கும் எல்லாரும் ஏதோ சமாளிச்சுட்டோம். அடுத்த போனுலதான் கருப்புசாமி அண்ணன் மூஞ்சி சுண்டிப்போச்சு.

அவிநாசியில ஒருத்தர் பொண்ணு கல்யாண வரவேற்பு, வர்ற ஞாயித்துக்கெழமை. அண்ணனோட ஆர்கெஸ்ட்ராதான் கச்சேரி. இந்த வருசத்துல அவங்களுக்குக் கெடச்ச பெரிய மேடை அதுதானுங்க. பொண்ணோட அப்பா சரசக்காவுக்குக் கூப்பிட்டு, "துக்கத்துல இருக்கறீங்க, தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. நாங்க வேற பார்ட்டி பாத்துக்கறோமுங்க"ன்னாரு.

அண்ணன் போனப் புடுங்கி, "ஏனுங்க, நான் உசுரோடதான் இருக்கறேன்!"ன்னாரு.

"நீங்க யாருங்க?"

"கருப்புசாமிங்க!"

"அவரு தம்பிங்களா? கொரலு அப்படியே அண்ணனாட்டவே இருக்குதுங்க. தைரியமா இருங்க தம்பி."

வீடியோ காலு போட்டோம். அதுக்கும் அவரு, "அடடா, சாடையும் அப்படியே!"ன்னு கண்ணத் தொடைக்கறாரு. நானே அட்மினு, நாந்தான் தப்பாப் போட்டேன்னு சொல்லிப் பாத்தேன். "போண்டா அம்மணிதான நீங்க?"ன்னு கேட்டுப்போட்டு அதுக்கு மேல எங்கிட்டப் பேசவே மாட்டேன்னுட்டாரு.

கருப்புசாமி அண்ணன் லைனக் கட் பண்ணாம போன எங்கிட்டக் குடுத்தாரு. என்னைய ஒரு வார்த்தை திட்டியிருந்தாத் தேவலைங்க. திட்டல. கூட வாசிக்கற பசங்க எல்லாரும் ஞாயித்துக்கெழமைய நம்பித்தான் இருக்கறாங்கன்னு மட்டும் சொன்னாரு.

பொறகு எந்திரிச்சுப் போயி கீபோர்டக் கொண்டாந்து வாசல்லயே வெச்சாரு. "அம்மணி, போன இப்படிப் புடிங்க"ன்னாரு. புடிச்சேன். கல்யாண மேடையில பொண்ணு மாப்பளை வாரப்ப எப்பவும் வாசிக்கற மெட்ட எடுத்து உட்டாரு. அழுதுட்டு வந்த ஒறம்பரையெல்லாம் காலத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஐஸ் பொட்டிக்காரரு டீய வெச்சுட்டு விசிலடிக்கறாரு.

மெட்டு முடியற எடத்துல, எப்பவும் போல, ஒரு சொரம் சறுக்குச்சு.

போன்ல இருந்து சத்தம். "நிறுத்துங்க, நிறுத்துங்க! அந்த எடத்துல தப்பு உடறது இந்த ஜில்லாவுலயே அவரு ஒருத்தர்தானுங்க. எம்பட அண்ணன் பையன் கல்யாணத்துலயும் அங்கதான் உட்டாரு. அவரேதான்! ஞாயித்துக்கெழமை வந்துருங்க!"

சரசக்கா மொதத் தடவையாச் சிரிச்சாங்க. "முப்பது வருசமா அந்த எடத்தச் சரி பண்ணுங்க பண்ணுங்கன்னு அடிச்சுக்கிட்டேன். நல்லவேளை பண்ணல."

எல்லாஞ் சரியாச்சுன்னு மூச்சு உடறேன், கருமத்தம்பட்டியில இருந்து போனு. தவில்காரர் கருப்புசாமியோட சம்சாரம், ருக்குமணியக்கா.

அப்பத்தானுங்க எனக்கு ஒறச்சுது. பலூன் போட்ட போட்டோவ நான் மறந்தே போயிட்டேன்! புருசனப் பறிகொடுத்த நாளு. அன்னைக்குப் போயி "நூறாண்டு வாழ்க"ன்னு போட்டிருக்கறேன். சரசக்காகிட்ட வாங்குனதெல்லாம் ஒண்ணுமே இல்ல, இதுக்கு நான் எங்க போயி முட்டிக்கறது? போன எடுத்தேன்.

"அக்கா, மன்னிச்சுப்போடுங்க. தெரியாம மாத்தி..."

"எம்பட மகன் காமிச்சானுங்க"ன்னாங்க. கொரலு அமைதியா இருந்துச்சு. "காலையில இருந்து போனுங்க. அந்தப் போட்டோ கைமாறிப் போயி, வெளியூரு ஆளுங்கெல்லாம் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்றாங்க. நெறையப் பேருக்கு அவரு போனதே தெரியலியாட்ட இருக்குது. அவருகிட்டப் போனக் குடுங்கங்கறாங்க."

"ஐயோ! நீங்க என்னங்கக்கா சொன்னீங்க?"

"வெளிய போயிருக்காருன்னு சொல்லிப்போட்டேனுங்க."

ருக்குமணியக்காவே மேல பேசுனாங்க.

"இருந்தவரைக்கும் அவருக்கு யாரும் வாழ்த்துன்னு ஒண்ணு சொன்னதில்லீங்க. பலூனோட நல்லாத்தான் இருக்காரு. அத அழிச்சுப்போடாதீங்க அம்மணி. இன்னைக்கு ஒரு நாளைக்கு இருக்கட்டும்."

சரிங்கக்கான்னேன். முந்தானையில கண்ணத் தொடச்சுட்டுத் திரும்புனா எங்க ஊட்டுக்காரரு, "இப்ப யாரச் சாகடிச்ச?"ன்னாரு.

சாயந்திரம் கேக் வெட்டுனோமுங்க. எழவுக்குன்னு வந்த கூட்டம் ஒருத்தரும் ஊட்டுக்குப் போகல. பொறந்தநாளுக்கு மட்டும் கூப்பிட்டிருந்தா அதுல கால்வாசி வந்திருக்காது. கொண்டாந்த மாலையெல்லாம் வீணாப் போகவேண்டாம்னு அவரு கழுத்துலயே போட்டாங்க. மாலைக்கு மேல மாலையா விழுந்து மீசை மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுது. கேசரி தீந்துபோச்சு. போண்டாவுக்கு ஈரோட்டு ஒறம்பரையே உக்காந்து மாவு கரைச்சாங்க.

இன்னைக்குக் காலையில மறுபடியும் கருப்புசாமி அண்ணன் போனு.

"அம்மணி, நேத்து வந்தவங்கள்ல சில பேரு கச்சேரி பேசிட்டுப் போயிருக்காங்க. இத்தனை பேரு நம்மள நெனச்சுட்டு இருக்கறாங்கன்னே எனக்குத் தெரியாதுங்க."

"ரொம்ப சந்தோசமுங்கண்ணா."

"அப்புறம்... ஆடி மாசம் நமக்குக் கல்யாணக் கச்சேரியே இருக்காது. சும்மாதான் உக்காந்திருப்போம். அப்ப ஒருக்கா அந்தக் குத்துவிளக்குப் போட்டோவ..."

நூறு வருசம் நல்லா இருங்கண்ணான்னு வாயில சொல்லிப்போட்டு வெச்சுட்டேனுங்க. எழுத்துல இனி யாருக்கும் எதுவுங் குடுக்கறதில்ல.