வெள்ளைக் காரும் கறுப்புச் சிறுத்தையும்

வெள்ளைக் கார் வாங்கியதுதான் தன் வாழ்க்கையிலேயே தான் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று டிராயிங்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படியானால் கல்யாணம்? அதைப் பற்றி அவரிடம் கேட்டால் முதலில் மனைவி எங்கே இருக்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

கட்டடங்களுக்குப் பிளான் வரைகிற உத்தியோகம். அதனால் குடியிருப்பு முழுக்க அவருக்கு டிராயிங்காரர் என்றே பெயர். ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் ஒரு பேக்கரி இருந்தது. பன்னை நடுவில் பிளந்து, க்ரீமை வழிய வழிய அடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக உட்கார்த்தி வைத்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் "இனிப்பு பக்கமே போகக்கூடாது" என்று சொன்னாரே, அன்றிலிருந்து அந்த பன்னுக்கு இரண்டு மடங்கு ருசி கூடிவிட்டது. டாக்டர் சொன்னபோது மனைவியும் பக்கத்தில்தான் இருந்தாள். "நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்றாள். அந்தக் குரலில் கொஞ்சம் அழுகை இருந்தது. நிறைய போலீஸ் ஸ்டேஷன் இருந்தது.

பேக்கரிக்கு எதிர்ச்சாரியில் தையல் கடை. அந்த அக்கா மனைவியின் சிநேகிதி.

"என்னங்க, பேக்கரி வாசல்ல நம்ம கார் நின்னுச்சாமே? தையலக்கா சொன்னாங்க."

"எந்த கார்?"

"வெள்ளைக் கார்."

"வெள்ளைக் காரா!" டிராயிங்காரர் சிரித்தார். "மேல் வீட்டு பேங்க்காரர் கார் வெள்ளை. பல் டாக்டர் கார் வெள்ளை. ஏன், ஆம்புலன்ஸ்கூட வெள்ளைதான். அதுல போறவங்க எல்லாம் நானா? நம்பரைப் பார்த்தாங்களாமா?"

"அவ்வளவு தூரத்துல நம்பர் எங்கே தெரியும்?"

"அப்ப அது நான் இல்ல."

கேஸ் தள்ளுபடி. இப்படிப் பல கேஸ்கள் தள்ளுபடியாகியிருந்தன.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே மனைவி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "தம்பி நேத்து கேட்டான், மாமா இப்ப டாக்ஸி ஓட்டறாரான்னு."

"என்னது?"

"வெள்ளையா, மொட்டையா, ஒரு கோடுகூட இல்லாம இருக்கில்ல? அதான் கேட்டிருக்கான். விடுங்க."

அவரால் விட முடியவில்லை. மச்சினன் சொன்னதை எந்தப் புருஷனால் விட முடியும்? போதாக்குறைக்கு அந்த வாரமே சிக்னலில் ஓர் அம்மாள் பின்கதவைத் திறந்து, இரண்டு பைகளோடு ஏறி உட்கார்ந்து, "ஸ்டேஷனுக்குப் போப்பா" என்றாள். இது டாக்ஸி இல்லை என்று விளக்குவதற்குள் பச்சை விழுந்துவிட்டது. ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத்தான் வந்தார். ஆபீஸ் வாசலில் காரைப் பூட்டும்போது முடிவு செய்துவிட்டார். காருக்கு ஸ்டிக்கர் ஒட்டியே தீருவது!

"வேண்டவே வேண்டாம்" என்றாள் மனைவி. "இந்த வயசுல வண்டிக்குப் பச்சை குத்தணுமா?"

"பச்சை இல்ல, கறுப்பு. பாயற சிறுத்தை. ரெண்டு பக்கமும்."

"நாலு பேர் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இவருக்குப் பிடிவாதம் ஏறியது. அந்த வீட்டில் அவர் ஜெயிப்பது அபூர்வம். அவள் கடைசியில் பெருமூச்சு விட்டு, "என்னமோ பண்ணுங்க" என்றபோது, கோப்பையே வாங்கிய மாதிரி தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

அப்படியானால் பேக்கரியை மறந்துவிட்டாரா? அவரை அவ்வளவு சாதாரணமாக எடை போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கர் கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் "வேற யார்கிட்டயும் இல்லாததா காட்டுங்க" என்பார்கள். இவர் கேட்டது வேறு.

"இந்தச் சிறுத்தை நிறைய பேர் ஒட்டியிருக்காங்களா?"

கடைக்காரர் தயங்கினார். "உண்மையைச் சொல்லணும்னா, ஊர் முழுக்க இதான் சார் ஓடுது. யாரும் ஒட்டாத டிசைன் ஒண்ணு இருக்கு, காட்டட்டுமா?"

"ஐயோ வேண்டாம். இதையே குடுங்க. வெள்ளைக் கார்லயும் ஒட்டியிருக்காங்கதானே?"

"வெள்ளையிலதான் அதிகம்."

டிராயிங்காரருக்கு வயிற்றில் பன் வார்த்தது போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவர் தனக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். மனைவியிடம் பீற்றிக்கொண்டார். "ஊர்ல பாதிக் கார்ல இந்தச் சிறுத்தைதானாம். அவ்வளவு டிமாண்டு!"

"அப்படியா? அவ்வளவு பேர்கிட்ட இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் சற்று நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பமாயிற்று. ஷாம்பு போட்டுக் கழுவினார். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். கதவுகளில் ஸ்கேலை வைத்து அளந்து, டேப் ஒட்டி, எங்கே முன்னங்கால், எங்கே வால் என்று அடையாளம் வைத்தார். பிளான் வரைகிற கை அல்லவா, ஒரு நூல்கூடப் பிசகாது. ஸ்டிக்கர்கள் இரண்டும் மேலும் கீழும் வெள்ளைத் தாளுக்குள் மறைந்திருந்தன. ஓரத்தில் கடைக்காரர் பென்சிலால் பொடியாக 'இடது', 'வலது' என்று எழுதியிருந்தார். உதவிக்கு மனைவி நின்றாள், ஒரு கையில் சோப்புத் தண்ணீர் பாட்டில், இன்னொரு கையில் அவளுடைய ஹேர் டிரையர்.

"தண்ணி அடி. இன்னும் அடி. போதும். வலது குடு."

ஆபரேஷன் நடுவில் இருக்கிற சர்ஜன் மாதிரி, திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டினார். அவள் இரண்டையும் எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒன்றைக் கொடுத்தாள்.

அடித்தாளை உரித்தார். சுருக்கம் விழக்கூடாதே என்ற கவலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஈரத்தின் மேல் வைத்தார், நகர்த்தினார், பிளாஸ்டிக் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் தண்ணீரை வெளியேற்றினார். மேல்தாளை உரிப்பதற்குள், "இருங்க, நல்லா பிடிச்சுக்கட்டும்" என்று மனைவி டிரையரால் சூடு காட்டினாள். தாராளமாகவே காட்டினாள்.

மேல்தாளை உரித்தார். சிறுத்தை பிரமாதமாக இருந்தது. பாய்ந்தது. டிக்கியை நோக்கிப் பாய்ந்தது.

"இது இடதுடி!"

"ஐயய்யோ! கண்ணாடி போடலைங்க. பொடி எழுத்து எனக்கு எங்கே தெரியுது?"

நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தார். வரவில்லை. சூடு காட்டி மெல்ல உரிக்கலாம். ஆனால் டிரையரை அவள் ஏற்கெனவே ஒயரோடு சுருட்டிவிட்டாள். "இதுக்கு மேல சூடு பண்ணா இது எரிஞ்சுபோயிடும்."

"இன்னொண்ண அந்தப் பக்கம் ஒட்டினா அதுவும் பின்னாடிதானே ஓடும்?"

"ஓடட்டுமே. ஒரு பக்கம் மட்டும் இருந்தா வண்டி மூளியா இல்ல? ரெண்டும் ஒத்துமையா ஓடினா அதுவும் ஒரு அழகுதான்."

ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லாததை அவருடைய தொழில் பொறுக்காது. ஒட்டினார்.

வாட்ச்மேன் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னான்: "ரிவர்ஸ்ல வந்தீங்கன்னா அருமையா இருக்கும் சார்."

மறுநாள் அவருக்கு மனசே சரியில்லை. மனசு சரியில்லாவிட்டால் எங்கே போவார்? போகிற வழியில் எதிரே ஒரு வெள்ளைக் கார், அதே கறுப்புச் சிறுத்தை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை! தெம்பாக பேக்கரி வாசலில் நிறுத்தினார். துக்கத்துக்கு ஒரு பன், தெம்புக்கு ஒரு பன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அவருடைய சட்டைக்குப் பட்டன் தைக்க உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்கு நேராக இருக்கும் பட்டன். அது மாதம் ஒரு முறையாவது தெறித்துவிடும்.

"தையலக்கா போன் பண்ணாங்க. பேக்கரி வாசல்ல நம்ம கார்."

"எந்த கார்?"

"வெள்ளைக் கார். கறுப்புச் சிறுத்தை."

இதற்காகத்தானே காத்திருந்தார். "சிறுத்தையா! இப்பகூட வழியில ஒண்ணு பார்த்தேன். அதுல போறவங்க எல்லாம் நானா?"

"நீங்க பார்த்தது எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"முன்னாடிதான்..." என்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா பார்த்தது பின்னாடி ஓடுச்சாம்."

டிராயிங்காரர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "வேணும்னேதான் மாத்திக் குடுத்தியா?"

"கண்ணாடி போடலைன்னு அப்பவே சொன்னேனே" என்று சொல்லிக்கொண்டே, கண்ணாடி போடாமலே, ஊசிக் காதில் ஒரே தடவையில் நூலைக் கோத்தாள்.

"ஸ்டிக்கரே வேண்டாம்னு நீதானே சண்டை போட்ட?"

"வேணும்னு சொல்லியிருந்தா ஒட்டியிருப்பீங்களா?"

"உன் தம்பி டாக்ஸின்னு சொன்னது?"

"அவன் எங்கே சொன்னான், பாவம். நான்தான் சொன்னேன்." ஊசியை மடியில் வைத்தாள். குரல் இறங்கிவிட்டது. "அந்த ரிசல்ட்டப் பார்த்ததுலேர்ந்து எனக்கு பயமா இருக்குங்க. விளையாட்டில்ல."

அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. இவளையா ஏமாற்றினோம் என்று நிஜமாகவே வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன். இன்னிக்கும் சும்மா வாசல்லதான் நின்னேன். மனசைக் கட்டுப்படுத்திக்கிட்டு, ஒண்ணுமே தொடாம திரும்பி வந்துட்டேன். சத்தியமா!"

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பட்டனைத் தைக்க ஆரம்பித்தாள்.

"மீசையில க்ரீம் ஒட்டியிருக்கு. நீங்க ஒட்டினதுலயே அது ஒண்ணுதான் நேரா இருக்கு."